நாலு மணிக் கச்சேரிக்கு ஒரு நகம்

ரூஹியின் நகங்களில் சாயம் இருக்காது. மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடை மாடியில் நீரஜா நடத்தும் பியூட்டி பார்லருக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது அதைக் கேட்டுவிடுவார்கள். "ஊருக்கெல்லாம் கலர் போடறே, உனக்குப் போட்டுக்க மாட்டியா?" அவள் ஐந்து வேளை தொழுகிறவள். தொழுகைக்கு முன்னால் கை கழுவும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும். மேலே பூச்சு இருந்தால் படாது. இதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதால், "பல் டாக்டர் எல்லாரும் பல்லைப் பிடுங்கிக்கிறாங்களா மேடம்?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

மீர்சாகிப்பேட்டையில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். பதினாலு வயதில் மருதாணிக் கோனைக் கையில் எடுத்தாள். அதற்கப்புறம் இருபத்துநாலு வருஷத்தில் ராயப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் அவள் கை வைக்காத கல்யாணப் பெண் குறைவு. அப்படி ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்துத்தான் நீரஜா அவளைப் பார்லருக்கு அழைத்து வந்தாள்.

மருதாணி போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காய்ந்த மருதாணியைத் தண்ணீர் விட்டுக் கழுவ விடமாட்டார்கள். கழுவினால் சிவப்பு ஏறாது. விரலாலோ, மழுங்கின கத்தியாலோ சுரண்டித்தான் உதிர்க்க வேண்டும். "தண்ணி படக்கூடாது, சுரண்டி எடுங்க" என்பதை ரூஹி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பின்னால் நடந்த தப்பு இந்தப் பழக்கத்திலிருந்துதான் வந்தது.

பக்கத்துத் தெருவில் புதிதாக வந்த ஒரு கடை 'நெயில் ஆர்ட்' என்று பலகை மாட்டியதும் நீரஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூச்சை இறுக வைக்கும் ஒரு சின்ன விளக்குப் பெட்டி, நகத்தைத் தேய்க்கும் கையடக்க மிஷின், இருபது நிறத்தில் ஜெல் நகப்பூச்சு எல்லாம் வாங்கி மேஜையில் வைத்தாள்.

"கோன் பிடிக்கிற கைக்கு இதெல்லாம் பெரிய விஷயமா? போன்ல பாரு, வந்துடும்" என்றாள்.

ரூஹி பத்து நாள் போனில் பார்த்தாள். வந்துவிட்டது. போட்டது பளபளவென்று இருந்தது. வந்தவர்கள் கையை நீட்டி நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜூன் மாதக் கடைசியில் ஸ்நேஹா வந்தாள். முப்பது வயது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறவள். தானும் மேடையில் வாசிக்கிறவள். தங்கை கல்யாணத்துக்காக ஜெல் போட்டுக்கொண்டாள். கல்யாணம் முடிந்து அடுத்த வாரம் அதைக் கழற்ற வந்தாள்.

ரூஹி தன் வழக்கப்படி ஒரு சின்னத் தகட்டை ஜெல்லின் ஓரத்தில் நுழைத்து நெம்பினாள். சுரண்டினாள். ஓரம் பிய்ந்ததும் விரலால் பிடித்து உரித்தாள். முழுசாக உரிந்து வந்தபோது அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

"கொஞ்சம் எரியறது ரூஹி."

"ஆயிடுச்சு மேடம், இதோ ஆயிடுச்சு."

உரிந்து வந்த ஜெல்லின் அடியில் வெள்ளையாக மெல்லிய செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் ஜெல் என்றுதான் ரூஹி நினைத்தாள்.

பத்து நாள் கழித்து ஸ்நேஹா திரும்ப வந்தாள். சத்தம் போடவில்லை. வலது கையை மேஜைமேல் வைத்து, ஆள்காட்டி விரலைத் தனியாக நீட்டினாள். நகம் காகிதம் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு கீறல் சதை வரைக்கும் ஓடியிருந்தது. மற்ற நகங்கள் எப்படியோ தப்பியிருந்தன.

"இதைப் பாருங்கோ. தந்தியில வெச்சா மடங்கறது."

வீணையை நகத்தால் மீட்டுகிறவர்களுக்கு வலது கையின் ஆள்காட்டி விரல் நகமும் நடுவிரல் நகமும்தான் வாத்தியத்தின் பாதி. ஸ்நேஹா ஏழு வருஷமாக மார்கழியில் பன்னிரண்டு மணிக் கச்சேரி வாசிக்கிறவள். எதிரே பாதி நாற்காலி காலியாகவும் மீதியில் பாதிப் பேர் சாப்பாட்டு மயக்கத்திலும் இருக்கும் நேரம். இந்த வருஷம்தான் முதல்முறையாக நாலு மணிக் கச்சேரி கிடைத்திருந்தது. டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி.

நீரஜா உள்ளிருந்து ஓடி வந்தாள். "அச்சச்சோ, மன்னிச்சுக்கோம்மா. உனக்கு ஒரு கோல்டு ஃபேஷியல் ஃப்ரீயா பண்ணித் தரச் சொல்றேன்."

"முகத்தால வாசிக்க முடியாதே ஆன்ட்டி."

நீரஜா விடவில்லை. அதன் மேலேயே செயற்கை நகம் ஒட்டிவிடலாம், அசல் நகத்தைவிடக் கெட்டியாக இருக்கும் என்றாள். ஸ்நேஹா அவளைப் பார்க்காமல் ரூஹியைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கோ. ஒட்டலாமா?"

ரூஹி அந்த விரலைத் தன் கையில் எடுத்தாள். ஒட்டினால் என்ன ஆகும்? அடியில் இருப்பது வளருமா, அழுகுமா? போனில் பார்த்த எதிலும் இது இல்லை.

"தெரியலை மேடம்" என்றாள்.

ஸ்நேஹா கையை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் தலை மறைகிற வரைக்கும் பொறுத்திருந்து நீரஜா, "கஸ்டமர்கிட்ட தெரியலைன்னு சொல்வாங்களாடி?" என்றாள்.

"தெரியலைன்னா வேற என்னக்கா சொல்றது?"

அன்று சாயங்காலம் ரூஹி தன் புருஷனிடம், முறையாக நகவேலை படிக்கப் போகிறேன் என்று சொன்னாள். தல்ஹாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை. அவன் வேலை செய்யும் தெருவிலேயே அந்த வகுப்பு நடக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தாள்.

"நகம் வெட்றதுக்குப் படிப்பா? அடுத்தது தலை சீவறதுக்கு எம்.ஏ.வா?" என்று தல்ஹா சிரித்தான்.

ரூஹி நடந்ததைச் சொன்னாள். உரித்ததையும், உரிந்து வந்தது நன்றாக இருந்ததாகத் தனக்குத் தோன்றியதையும் சேர்த்துச் சொன்னாள். தல்ஹா சாப்பிடுவதை நிறுத்தினான்.

"ஐ.டி.ஐ.ல எங்களை முதல் நாலு மாசம் லேத் பக்கமே விடலை. ஒரு இரும்புத் துண்டும் ஒரு அரமும் கொடுத்து ராவச் சொன்னாங்க. கை கொப்புளம் போட்டுடுச்சு. பசங்கல்லாம் வாத்தியாரைத் திட்டாத திட்டு இல்லை."

"எதுக்கு அப்படி?"

"எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரியணும்ல. ராவிட்டா ராவினதுதான். திரும்ப ஒட்ட முடியுமா?" கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வகுப்பு ஆரம்பிச்சதும் காலைல எட்டரைக்கு ரெடியா இரு. வண்டியில விட்டுடறேன்" என்றான்.

நீரஜா பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆவணி முகூர்த்தத்தில் காலை வேளைகளை யார் பார்ப்பது என்பது அவள் கவலை, நியாயமான கவலைதான். மதியத்திலிருந்து கடை மூடும்வரை ரூஹி இருப்பதாக ஒப்புக்கொண்ட பிறகு சம்மதித்தாள்.

வகுப்பில் பதினோரு பேர். ரூஹியைத் தவிர எல்லாரும் இருபதைத் தாண்டாதவர்கள். சொல்லிக்கொடுத்தவன் கருணாகரன். இருபத்தொன்பது வயது, கோடம்பாக்கத்தில் மேக்கப் வேலை பார்த்த குடும்பம், படப்பிடிப்புகளில் நடிகைகளுக்கு நகம் ஒட்டி ஒட்டி, பிறகு முறைப்படி பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன். முதல் நாளே ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டான்.

"போட்றது அப்புறம். எப்டி கழட்டுவ? அதைச் சொல்லு."

ஒரு பெண் மிஷினால் தேய்ப்பேன் என்றாள். இன்னொருத்தி தண்ணீரில் ஊறவைப்பேன் என்றாள். ரூஹி, "சுரண்டுவேன்" என்றாள். வகுப்பே சிரித்தது.

கருணாகரன் மட்டும் சிரிக்கவில்லை. "மெஹந்தி போட்ற கையாக்கா?"

"எப்படித் தெரியும்?"

"ஆறு வருசமா பாத்துக்கினு கீறேன். மெஹந்திக்காரங்கோ கை நம்ம கையைவிட நல்லா நிக்கும். கோடு ஆடாது. கழட்றப்போ மட்டும் பழைய புத்தி வந்துரும். மருதாணிக்கு அடியில தோலு கீது, அது தாங்கும். ஜெல்லுக்கு அடியில இன்னா கீது?"

"நகம்."

"ஏடு ஏடா கீற நகம். நீ உரிச்சா ஜெல்லு தனியா வராது, நகத்துல ரெண்டு ஏட்டையும் கூட்டிக்கினுதான் வரும்."

ரூஹிக்கு அந்த வெள்ளைச் செதில் கண்ணில் வந்தது. குனிந்து நோட்டில் எழுதுவதுபோல் பாவனை செய்தாள்.

பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தின்மேல் வைத்து, அலுமினியத் தாளைச் சுற்றி, பதினைந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். ஜெல் தானாகவே நெகிழ்ந்து எழும்பும். எழும்பவில்லையா, மறுபடி சுற்ற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ரூஹிக்குப் பெரும்பாடாக இருந்தது. இரண்டு முறை பாதியிலேயே தாளைப் பிரித்துவிட்டாள்.

"இன்னா அவசரம்க்கா, பஸ்ஸா போய்டும்?" என்று கருணாகரன் திரும்பச் சுற்ற வைத்தான்.

மூன்றாவது வாரம், வகுப்பு முடிந்ததும் அவள் போனில் ஸ்நேஹாவின் நகத்தைக் காட்டினாள். ஸ்நேஹா அன்று கையை நீட்டியபோது அவசரமாக எடுத்த படம். கருணாகரன் அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான்.

"யார் பண்ணது?"

"நான்தான்."

"இது மேல எதையும் ஒட்டாதக்கா. ஒட்னா, கழட்ற அன்னிக்கு மிச்சமும் வந்துரும். நகம் வேர்லர்ந்துதான் வரணும். நீ இன்னா எண்ணெய் போட்டாலும் போனது திரும்பாது. புதுசு வர்ற வரைக்கும் காவல் இருக்கலாம், அவ்ளோதான். வலி, நிறம் மார்றது எதுனா இருந்துச்சுன்னா தோல் டாக்டராண்ட அனுப்பிடு. நாம டாக்டர் இல்ல."

அந்தப் புதன்கிழமை ரூஹி ஸ்நேஹாவின் வீட்டு மணியை அடித்தாள். உள்ளே இரண்டு குழந்தைகள் சரளி வரிசை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்நேஹா கதவைப் பாதி திறந்தபடி நின்றாள்.

"ஒண்ணும் ஒட்ட வேணாம் மேடம். அன்னிக்குத் தெரியலைன்னு சொன்னேன்ல, அதைக் கேட்டுட்டு வந்திருக்கேன். வெட்டிச் சின்னதா வெச்சுக்கணும். அப்பதான் கீறல் மேல போகாது. வாரா வாரம் நான் வந்து பாக்கறேன்."

"சின்னதா வெட்டிண்டா எதால வாசிக்கறது?"

"டிசம்பர்க்குள்ள முழுசா வந்துடும்னு கணக்குப் போட்டிருக்கேன். கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்ட!" ஸ்நேஹாவின் குரல் உயர்ந்தது. உள்ளே சரளி வரிசை நின்றது. "நகத்துக்குப் பதிலா கம்பியை விரல்ல மாட்டிண்டு வாசின்னு எல்லாரும் சொல்றா. வாசிச்சுப் பாத்தேன். யாரோ வாசிக்கற மாதிரி இருக்கு. இருபது வருஷமா என் நகத்துக்கு ஒரு சத்தம் இருந்தது. அது போயிடுத்து. உங்களுக்கு அது புரியுமா?"

மன்னிப்புக் கேட்டால் அது இன்னொரு ஃபேஷியல் மாதிரி ஆகிவிடும் என்று ரூஹிக்குத் தோன்றியது. பையைத் திறந்து, கிருமி போக ஆவியில் வேகவைத்துக் காகித உறையில் மூடி எடுத்து வந்திருந்த கத்தரியையும் புதிய ஃபைலையும் எடுத்துக் காட்டினாள்.

"கையைக் கொடுங்கன்னு கேக்க எனக்கு மூஞ்சியில்லை. கொடுத்தா பாத்துக்குவேன்."

ஸ்நேஹா அந்த உறையையே பார்த்தாள். பிறகு கதவை முழுசாகத் திறந்தாள். "செருப்பை உள்ளயே விட்டுடுங்கோ. வெளியில விட்டா நாய் தூக்கிண்டு போயிடும்."

அதன் பிறகு புதன்கிழமைகள் அப்படி ஆயின. பதினைந்து நிமிஷ வேலை. ஓரத்தைச் சமன் செய்வாள், எண்ணெய் தடவுவாள், விரலைத் திருப்பி நுனிச் சதையை லேசாக அழுத்தி, "வலிக்குதா?" என்று கேட்பாள். முதல் மாதம் ஸ்நேஹா "இல்லை" என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. இரண்டாவது மாதம் அவள் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "பாத்திரமெல்லாம் நான்தான் தேய்க்கறேன், இவ நகத்துக்கு நான் அடிமை" என்று அந்த அம்மாள் புகார் சொன்னாள். ஸ்நேஹா முதல்முறையாகச் சிரித்தாள்.

வகுப்பில் ஒரு சிக்கல் இருந்தது. மற்றப் பெண்கள் வீட்டில் தங்கள் கையிலேயே பழகிக்கொண்டார்கள். ரூஹி தன் கையில் பூச முடியாது. பூச்சுக்குப் பிளாஸ்டிக் கை வாங்கினாள். ஆனால் நகத்தடித் தோலை நோகாமல் ஒதுக்கவும் ஓரங்களைச் சுத்தம் செய்யவும் உயிருள்ள கை வேண்டும். தல்ஹாவைப் பிடித்து உட்கார வைத்தாள். இருபது வருஷத்து ஆயில் கறை. கட்டை விரலில் சுத்தியல் பட்ட கறுப்பு. ஓரமெல்லாம் பிளந்த தோல். வெந்நீரில் ஊறவைத்துத் துடைக்கும்போது தல்ஹா கண்ணை மூடிக்கொண்டான்.

"வலிக்குதா?"

"இல்லை. இருபது வருஷத்துல இந்தக் கையை யாரும் இப்படிப் பிடிச்சதில்லை. நீகூட."

"நீங்க கொடுத்தாத்தானே" என்றாள் ரூஹி.

ஒரு மாதத்தில் அந்தக் கை மாறியது. பட்டறையில் முருகையன் என்ற மூத்த ஃபிட்டர் டீ டம்ளரை வாங்கும்போது கவனித்துவிட்டார். "இன்னா தல்ஹா, கையி ஹீரோயின் கை மாதிரி கீது? இரும்பைப் பாத்துப் புடி நைனா, வழுக்கிடப் போவுது." தல்ஹா அதை வீட்டில் வந்து சொன்னபோது புகார் மாதிரிதான் சொன்னான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனாகவே வெந்நீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

அக்டோபரில் ரூஹி பரீட்சை எழுதித் தேறினாள். சான்றிதழை நீரஜா வாங்கிப் பார்த்து, சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள். ஆனால் ஜெல்லைக் கழற்ற ஒவ்வொருவருக்கும் இருபது நிமிஷம் ஆவதைப் பார்த்து, "முந்தி அஞ்சு நிமிஷத்துல முடிச்சே. படிச்சு மெதுவா ஆயிட்டியே" என்று அலுத்துக்கொண்டாள். ஒரு சர்க்கரை நோயாளியின் கால் விரலில் புண் இருந்ததைப் பார்த்து ரூஹி தொட மறுத்து டாக்டரிடம் அனுப்பியபோது அந்த அலுப்பு இன்னும் கூடியது. புண் ஆறிய அந்த அம்மாள் ஒரு மாதம் கழித்து மகளையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும்வரை அது குறையவில்லை.

டிசம்பர் பதினேழு, புதன்கிழமை. கச்சேரிக்கு ஐந்து நாள். கடைசி ஒரு மாதமாக ஆள்காட்டி விரல் நகத்தை வெட்டாமல் வளரவிட்டிருந்தார்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது நகத்தில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே புது நகம், கெட்டியாக, ரோஜா நிறத்தில். கோட்டுக்கு மேலே விரலைத் தாண்டி நீண்டிருந்தது பழைய மெலிந்த நகம். அன்று உரிபட்டது எல்லாம் வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்திருந்தது. தந்தியில் படப்போவது அந்த நுனிதான்.

ஸ்நேஹா அதைப் புரிந்துகொண்டாள். "நேத்து வாசிக்கும்போது ரெண்டு தரம் மடங்கித்து. ரூஹி, அந்த நுனிக்கு மட்டும் ஏதாவது கெட்டியா பூசலாமா? அஞ்சே நாள். சொல்லுங்கோ, பூசலாமா?"

ஜூலையில் கேட்ட அதே கேள்வி, அதே கை.

"வேணாம் மேடம். மெலிசு மேல கெட்டியைப் போட்டா, சேர்ற இடத்துல உடையும். மேடையில உடைஞ்சா கோட்டோட நிக்காது, உள்ள வரைக்கும் போகும். வெட்டிடணும்."

"வெட்டினா என்ன மிஞ்சும்?"

ரூஹி காட்டினாள். விரல் நுனியைத் தாண்டி ஒரு அரிசியின் அகலம்.

"இதை வெச்சுண்டு எப்படி... எனக்கு இதுல ரெண்டு மடங்கு வேணும்." ஸ்நேஹா கையை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"போதுமா போதாதான்னு எனக்குத் தெரியாது" என்றாள் ரூஹி. "அது உங்க வேலை. ஆனா இருக்கற அளவுல என்ன உருவம் கொடுக்கலாமோ அது என் வேலை. வீணையை எடுத்து வெச்சுக்கங்க. நீங்க மீட்டுங்க, நான் ராவறேன். சரின்னு நீங்க சொல்ற இடத்துல நிறுத்திடறேன்."

ஸ்நேஹா எழுந்துபோய் வீணையை எடுத்து வந்து பாயில் உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள்.

மெலிந்த நுனி கத்தரியில் சத்தமில்லாமல் விழுந்தது. ஸ்நேஹா தந்தியை மீட்டினாள். ஸ்வரத்தோடு உஸ்ஸென்று ஒரு காற்றும் சேர்ந்து வந்தது. ரூஹிக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்தக் காற்று கேட்டது. நகத்தின் ஓரத்தில் கத்தரி விட்ட சொரசொரப்பு அது. மிக நைசான ஃபைலை எடுத்து, ஒரே திசையில், நாலு இழுப்பு இழுத்தாள்.

"மீட்டுங்க."

காற்று குறைந்தது. ஆனால் சத்தம் கூர்மையாக, தகரம் மாதிரி இருந்தது. ஸ்நேஹா முகத்தைச் சுளித்தாள். ரூஹி விரலைத் திருப்பி, நகத்தின் அடி ஓரத்தை இரண்டு இழுப்பு. மறுபடி மீட்டல். ஆள்காட்டி விரலின் வெளிப்பக்கச் சரிவில் ஒரு இழுப்பு. மறுபடி. இடையில் ஸ்நேஹா "இல்லை", "ம்", "முன்னாடி இருந்ததே தேவலை" என்றாள். ஒருமுறை ரூஹியே, "இப்ப ஏதோ தடுக்கற மாதிரி கேக்குதே" என்று முந்திக்கொண்டு சொல்ல, ஸ்நேஹா ஆச்சரியமாகப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் விரல் போவதும் வருவதுமாக இருந்தது. அடுப்பில் பால் பொங்கியதைக்கூட அம்மா கவனிக்கவில்லை.

கடைசியாக மழமழப்பான பட்டையால் ஓரத்தை மெருகேற்றிக் கொடுத்தாள் ரூஹி. ஸ்நேஹா மீட்டினாள். இன்னொரு முறை மீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட ராகப் பிடியை வாசித்துவிட்டு, கையைத் தந்தியிலேயே வைத்திருந்தாள்.

"போதும்" என்றாள். "இதுக்கு மேல தொடாதீங்கோ."

ரூஹி ஃபைலைக் கீழே வைத்தாள்.

இருபத்திரண்டாம் தேதி அவள் பார்லரில் அனுமதி வாங்கிக்கொண்டு போனாள். பிற்பகல் அசர் தொழுகையை முடித்துவிட்டுப் போய்ச் சேரும்போது கச்சேரி பாதி நடந்திருந்தது. சபா பெரியதில்லை, நாற்காலிகள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். அத்தனை தூரத்திலிருந்து நகம் தெரியாது. இருந்தும் வலது கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். வேகமான இடம் வந்தபோதெல்லாம் தன் புர்காவின் ஓரத்தைப் பிடித்து முறுக்கினாள். கை தட்டினார்கள், எதற்கு என்று தெரியாமல் அவளும் தட்டினாள். பக்கத்து மாமி, "மிருதங்கத் தனி ஆவர்த்தனம் பிரமாதம், இல்லையோ?" என்று கேட்டபோது, "உடையலைங்க" என்றாள். மாமி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மேடைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முடிந்ததும் மேடையடியில் கூட்டம் சேர்ந்தது. பட்டுப்புடவைகள், சால்வைகள், படம் எடுப்பவர்கள். ரூஹி அந்தக் கூட்டத்துக்குள் போகத் தயங்கி, பக்கவாட்டுக் கதவருகே நின்றாள். ஸ்நேஹா யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்துவிட்டாள். இரண்டு பேரின் தோளுக்கு நடுவில் புகுந்து வந்து, வலது கையை நீட்டினாள்.

மற்றவர்கள் அதைக் கைகுலுக்கல் என்று நினைத்திருப்பார்கள். ரூஹி அந்தக் கையைப் பிடித்து, வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நுனிச் சதையை லேசாக அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லை" என்றாள் ஸ்நேஹா. "புதன்கிழமை மறந்துடாதீங்கோ."